டமஸ்கஸில் பங்கர் வெட்டிய அம்மாவுக்கு

அம்மா,

நீங்கள் நலமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். "ஓம் பிள்ளை, இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்ல. சும்மா சத்தம்தான்." விமானம் போனாலும் சும்மா சத்தம், தெருவில் வெடி கேட்டாலும் சும்மா சத்தம், பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் இரைந்தாலும் சும்மா சத்தம். உங்கள் வாயில் எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகிவிட்டதால், எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று இங்கே இருக்கும் எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். இது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா?

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ புத்தி சொல்லி நீளமாக எழுதும் கடிதங்களைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். நீங்கள் வீட்டு வேலைக்கென்று ஜோர்தானுக்குப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. இப்போது உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறேன். இடையில் யார் யாரை வளர்த்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டீங்களா, கால் வீக்கம் வத்தினதா, குளிசை போட்டீங்களா, தனியக் கடைக்குப் போகாதேங்கோ என்று சொல்வதெல்லாம் நான். "ஓம் ஓம்" என்று கேட்டுவிட்டு நினைத்ததைச் செய்வது நீங்கள். ஆகவே அந்தக் கடிதத்தை நம் வீட்டில் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்கு ஏன் என்று கேட்பீர்கள். குரல்பதிவு அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு "பிறகு கேக்கிறன்" என்கிறீர்கள். அச்சில் வந்ததை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பீர்கள். ஜோர்தானில், அம்மான் நகரத்தில் இருக்கும் உங்கள் சிநேகிதிகளுக்கும் போனில் படித்துக் காட்டுவீர்கள். அவர்கள் முன்னால் உங்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வரட்டும். பெயர்களை எழுதவில்லை. வன்னியில், ஒட்டுசுட்டானில் பஸ்ஸால் இறங்கி உள்ளே போகும் பாதையில் ஒரு வீடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அந்த வீடு மாறிய கதை. "மேடமாக்கள் வீடு மாறீனம் பிள்ளை. சாமான் கட்ட வேணும், ரெண்டு மூண்டு நாளைக்கு எடுக்க மாட்டன்" என்றீர்கள். நானும் அப்பாவும் அம்மானிலேயே வேறு ஏதோ தெருவுக்குப் போகிறீர்கள் என்று நினைத்தோம். அடுத்த அழைப்பு புதிய இலக்கத்திலிருந்து வந்தது. அதன் முன்னால் இருந்த நாட்டுக் குறியீடு ஜோர்தானுடையது இல்லை. என்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு, அந்தப் பிள்ளை நாட்டுக் குறியீட்டைப் பார்க்காது என்று எப்படி நினைத்தீர்கள்?

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?"

"வீட்டிலதான் பிள்ளை."

"எந்த நாட்டில?"

"பக்கத்திலதான். காலம வெளிக்கிட்டு பின்னேரம் வந்திட்டம். ஒட்டுசுட்டானில இருந்து கொழும்புக்குப் போற தூரம்கூட இல்ல" என்றீர்கள்.

தூரம் சரிதான், தேசப்படத்தில் அளந்து பார்த்தேன். ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் இன்னொரு நாடு தொடங்குவதில்லை. அம்மானிலிருந்து டமஸ்கஸுக்குப் போன நீங்கள் அதை வீடு மாறியது என்றீர்கள். அப்பா போனை வாங்கி, "நல்ல வேளை, உம்மட மேடம் சந்திரனுக்கு வீடு மாறேல்ல" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

மேடத்தின் குடும்பம் ஏன் திரும்பிப் போனது என்பதை எனக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. அது என் பாடம். அவர்களுடைய நாடான சிரியாவில் சனம் தெருவில் இறங்கியபோது மேடம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்துக்குச் சூடு விழுந்தது, பிறகு அது போராகியது, அவர்கள் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். பத்து வருடங்களுக்கு மேல் அடுத்த நாட்டில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பழைய ஆட்சி விழுந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து விட்டவுடன் கூரையில்லாத வீட்டுக்கு ஓடி வந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் அது அவர்களுடைய வீடு அம்மா. அவர்களுடைய நாடு. அவர்கள் திரும்பிப் போவது மீள்குடியேற்றம். நீங்கள் கூடவே போனதற்கு என்ன பெயர்?

அரபு நாடுகளில் நடந்த மக்கள் எழுச்சிகளைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். முதலில் பரீட்சைக்காகப் படித்தேன், பிறகு உங்களுக்காக. எல்லா இடத்திலும் தொடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாண் விலை, வேலை இல்லாத பெடியள், ஒரு பொலிஸ்காரனின் அடி. தொடக்கத்தைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். அதற்குப் பிறகு வரும் பக்கங்கள்தான் எரிச்சலூட்டுகின்றன. துனீசியாவில் தலைவர் ஓடினார், தேர்தல் வந்தது, சனம் தெரிந்தெடுத்த ஒருவரே பிறகு பாராளுமன்றத்தைப் பூட்டினார். எகிப்தில் இராணுவம் ஒரு வாசலால் வெளியே போய் மறு வாசலால் உள்ளே வந்தது. லிபியாவில் ஒரு அரசு போய் இரண்டு அரசு வந்தது. பஹ்ரைனில் சனம் கூடியபோது பக்கத்து நாட்டுப் படை பாலத்தைக் கடந்து வந்தது. யேமனிலும் சிரியாவிலும் எந்தெந்த நாடு எந்தெந்தக் குழுவுக்கு ஆயுதம் கொடுத்தது என்று எழுதப் போனால் எனக்குத் தாள் போதாது. தன் அயலில் ஒரு நாடு ஆடத் தொடங்கியதும் ஒவ்வொரு அரசும் தன் பாதுகாப்புக்காக அந்த நாட்டுக்குள் ஏதோ ஒன்றை அனுப்புகிறது. காசு, ஆள், அல்லது விமானம்.

இதை ரீச்சர் "பிராந்தியப் பாதுகாப்பு" என்ற தலைப்பில் படிப்பித்தார். வீட்டில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உழவு மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"அதென்ன பிள்ளை, பிராந்தியப் பாதுகாப்பு?"

"பக்கத்துப் பக்கத்து நாடுகள் தங்களைப் பாதுகாக்கிறது அப்பா."

"ஆரின்ர காணிக்குள்ள நிண்டு?"

"அதைத்தான் நானும் எழுதப் போறன். குறுக்க கதைக்காதேங்கோ."

"எழுது, எழுது. கொம்மாட மேடத்தின்ர காணி எண்டு எழுது" என்றார்.

அவர் பகிடிக்குச் சொன்னது. நீங்கள் உண்மையாகவே அந்தக் காணிக்குள் நின்றீர்கள்.

நம் நாட்டிலும் சனம் எழும்பியதே, அது நினைவிருக்கிறதா? பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கடைசியில் ஜனாதிபதியின் வீட்டு நீச்சல் தடாகத்தில் பெடியள் குதித்தது. நீங்கள் அம்மானிலிருந்து துள்ளிக்கொண்டு எடுத்தீர்கள். "பிள்ளை, ஓடிட்டாராமே! இஞ்ச மேடமும் பாத்து அழுதவா. எங்கட நாட்டில நடக்கேக்கயும் இப்பிடித்தான் சந்தோசமா இருந்ததாம்" என்றீர்கள். அப்பா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "நல்லாக் குளிக்கட்டும், வெயில்தானே" என்று சொல்லிக் பிளாஸ்ரிக் கானை எடுத்துக்கொண்டு டீசல் வரிசைக்குப் போனார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம். சரித்திரம் நடக்கிறது, இந்த மனிதர் டீசலுக்குப் போகிறாரே என்று. கொழும்பில் ஆள் மாறினார், பிறகு இன்னொருமுறையும் மாறினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஆமி முகாமின் வேலிக்குப் புதிய வர்ணம் பூசினார்கள். வேலி ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. எழுச்சிகள் வீண் என்று நான் சொல்லவில்லை அம்மா. சனம் பயத்தை விடும் அந்த நாள் எனக்கு இன்னும் பெரிய நாள்தான். ஆனால் மேலே ஆள் மாறிய செய்தி தெருமூலையில் துவக்கோடு நிற்பவனிடம் வந்து சேர நெடுங்காலம் எடுக்கிறது. அந்த இடைக்காலத்தில் ஒருவருடைய தோட்டத்தில் நின்று நீங்கள் என்ன செய்தீர்கள்?

மண்வெட்டி எடுத்தீர்கள்.

எனக்கு அது எப்படித் தெரியவந்தது என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒரு பின்னேரம் எடுத்து, என்னோடு வழமைபோலக் கதைத்துவிட்டு, "கொப்பாட்டக் குடு பிள்ளை" என்றீர்கள். நீங்களாக அப்பாவைக் கேட்பது குறைவு. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இஞ்சேருங்கோ, பனங்குத்தி இல்லாட்டி மேல என்ன போடலாம்?"

"எதுக்கு மேல?"

"சும்மா கேட்டன்."

"கறிக்கு மேலயே?"

"பகிடியை விடுங்கோ. பழைய கதவு ரெண்டு கிடக்கு. அதைப் போட்டு மண் மூட்டை அடுக்கினாத் தாங்குமோ?"

பனங்குத்தி என்பது சண்டைக் காலத்தில் பங்கருக்கு மேல் அடுக்கிய பனைமரத் துண்டு. அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. "வாசலை வளைச்சு வெட்டினனீரே?" என்று மட்டும் கேட்டார். "ஓம் ஓம், வளைச்சுத்தான்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு நான் பக்கத்தில் நிற்பது நினைவு வந்தது. "சும்மா சத்தம் பிள்ளை" என்று தொடங்கினீர்கள்.

பக்கத்து நாட்டு விமானங்கள் நகரத்துக்குள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. வீட்டு யன்னல் கண்ணாடி விழுந்திருக்கிறது. மேடம் மேசைக்குக் கீழே போய் இருந்திருக்கிறார். நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள், மேடத்தைப் பார்த்தீர்கள், தோட்டத்துக்குப் போய் எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் அளவெடுத்தீர்கள். சண்டை நடந்த வன்னியில் இருந்து போன ஒருத்திக்கு மட்டும் வரக்கூடிய யோசனை. மூன்று பேர் குந்தியிருக்கக்கூடிய, சிதறு துண்டு நேரே வராதபடி வாசல் வளைந்த, படி வைத்த பதுங்குகுழி, நம் ஊர்ப் பங்கர். மேடத்தின் கணவர், நீங்கள் சேர் என்று சொல்பவர், முதலில் சிரித்தாராம், பிறகு மண்ணை அள்ளிக் கொட்ட உதவினாராம். இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருந்த சந்தோசம், நான் கணக்கில் நூறு எடுத்ததைச் சொன்னபோதும் இருந்ததில்லை.

அம்மா, மலசலகூடக் குழியின் கதையை எனக்கு யார் சொன்னது? நீங்கள்தான். நாங்கள் திரும்பி வந்த புதிதில், தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால் அப்பா மலசலகூடத்துக்குக் குழி வெட்டத் தொடங்கினார். புது மண் குவிந்ததும் ஆமி முகாமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என்ன தோண்டுறாய், எதைத் தாட்டனீ, எதை எடுக்கப் போறாய் என்று கேட்டார்கள். மலசலகூடம் என்று அப்பா சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இன்னும் தோண்டு, பார்ப்போம் என்று நின்றார்கள். அடுத்த நாள் வேறு இரண்டு பேர் வந்து இன்னும் தோண்டு என்றார்கள். தண்ணீர் ஊறத் தொடங்கிய பிறகுதான் விட்டார்கள். "எங்கட கக்கூஸ் குழிதான் ஊரிலேயே ஆழம், ஆமி பக்கத்தில நிண்டு வெட்டுவிச்சது" என்று கலியாண வீடுகளில் நீங்கள் சொல்லாத நாள் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சண்டை முடிந்த மண்ணில் புதிதாகக் கிண்டிய இடம் என்றால் யார் வந்து நிற்பார்கள் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சண்டைக்குள் இருந்தபோது வெட்டிய பங்கரை நினைத்தீர்கள். சண்டைக்குப் பிறகு வெட்டிய குழியை மறந்துவிட்டீர்கள். டமஸ்கஸில் இரண்டு காலமும் ஒன்றாக நடந்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். புதிய அரசின் பாதுகாப்பு ஆட்கள் என்றீர்கள். அயலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம், மதிலுக்குள்ளே கிண்டிய மண், மேலே மூட்டை. பழைய ஆட்சியின் ஆயுதமா, யாருடைய பெட்டி, எப்போது தாட்டது என்று கேள்வி. சேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் நின்று, உங்களை அந்தக் குழியை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார்கள். வீங்கிய காலோடு வெட்டினீர்கள். "பாவம் அந்தப் பெடியள், தாடி வச்சிருந்தாலும் மரியாதையாத்தான் கேட்டவங்கள், தண்ணியும் தந்தவங்கள்" என்றீர்கள். எனக்கு அந்த இடத்தில் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரே கேள்வி அம்மா, ஒரே "இன்னும் தோண்டு". அப்பாவிடம் ஒரு மொழியில், உங்களிடம் இன்னொரு மொழியில். சேர் அன்று பின்னேரமே திரும்பி வந்தது அவருடைய அதிர்ஷ்டம். வராமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் யாரைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்? தூதரகம்கூடப் பக்கத்தில் இல்லாத இடத்தில், பங்கர் வெட்டியது ஒட்டுசுட்டான்காரி என்று யாருக்குப் போய் விளக்கியிருப்பீர்கள்?

குழியை மூடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், நீங்களும் மூடிவிட்டீர்கள். உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மேடம் நல்ல மனுசி, பாஸ்போட்டை உங்கள் கையிலேயே தந்துவிட்டார், அம்மான்வரை காரில் அனுப்புவதாகவும் சொல்கிறார். வருவதற்கு ஒரு தடையும் இல்லை. இதை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "இன்னும் ஒரு வருசம் நிண்டிட்டு வரட்டே பிள்ளை?" என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

"அவைக்கு ஒருத்தரும் இல்லப் பிள்ளை. மேடம் கண்ணாடி விழுந்த யன்னலப் பாத்துக்கொண்டு இருக்கிறா. நாங்கள் வந்து கூரையில்லாம இருந்த மாதிரி இருக்கு. ஒரு ஆள் பக்கத்தில இருந்தா என்ன?" என்றீர்கள்.

உங்கள் இரக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது எங்களுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதை இத்தனை வருடமாக நீங்கள் மறக்கவில்லை. அதை மேடத்தின் வீட்டில் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். ஆனால் நீங்கள் அங்கே நிற்பதால் மேடத்துக்கு ஆறுதல் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த முறை யாராவது கதவைத் தட்டும்போது, "அந்தக் குழியை வெட்டின வெளிநாட்டுக்காரி எங்கே?" என்ற கேள்வியும் நீங்கள் நிற்கும்வரை அந்த வீட்டில் நிற்கும். அந்த நாட்டின் அரசு புதிது. அதன் தெற்கில் ஒரு படை, வடக்கில் இன்னொரு படை, வானம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பயந்த அரசு புது மண்ணைக் கண்டால் நித்திரை கொள்ளாது. மேடத்துக்கு உதவ நினைத்தால் வெளிக்கிடுங்கோ. போவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கோ. எந்தச் சுவரோடு இருப்பது, ஆவணங்களை எந்தப் பையில் வைப்பது, சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு எவ்வளவு தள்ளி நிற்பது. மண்வெட்டியை மட்டும் பூட்டி வைக்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று. அப்பாவைப் பற்றி. நீங்கள் போன நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட உங்களை வரச் சொல்லிக் கேட்டதில்லை. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், "கொம்மா கேக்கிற ஆளே? அவவுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யட்டும்" என்பார், பிறகு ஒரு பகிடி விடுவார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"குழிய மூடிட்டாவாமே?"

"ஓம் அப்பா."

"மண்ணை மிதிச்சு இறுக்கினவாமோ?"

"தெரியேல்ல."

"வரச் சொல்லு" என்றார்.

பகிடி வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

அவர் ஏன் மண்ணைப் பற்றிக் கேட்டார் என்று பிறகு யோசித்தேன். மூடிய குழி மூடியதுபோலத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும். எங்கள் மண்ணில் ஒரு மாரி போதும். பிறகு புல் முளைத்து, எது கிண்டிய இடம், எது கிண்டாத இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அந்தத் துண்டு மட்டும் வேறு நிறத்தில் கிடக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். டமஸ்கஸில் எப்போது மழை பெய்யும் என்று தேடிப் பார்த்தேன் அம்மா. இப்போது கோடை. இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது.

அந்த எலுமிச்சை மரத்தடி மண் மழையில் நனைந்து, மற்ற மண்ணின் நிறத்துக்கு வரும்வரை நீங்கள் அங்கே காவலிருக்க வேண்டாம். மழைக்கு முதல் வந்துவிடுங்கோ. வந்தபிறகு, இந்தக் கதையையும் கலியாண வீடுகளில் சொல்லலாம். நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன்.

உங்கள்
மகள்